சந்தனம் வைத்த பூட்ஸ்

பயிற்சி அறையின் நீண்ட மேசையைச் சுவரோரம் தள்ளி, அதன் மேல் வாழையிலை விரித்திருந்தார்கள். இலையில் பொரி, பொட்டுக்கடலை, வாழைப்பழம். இலையைச் சுற்றி எங்கள் அணியின் கால்பந்துகள் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு பந்தின் தலையிலும் ஒரு சாமந்திப்பூ. உருண்டு விழாமலிருக்க யாரோ அதன் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள்.

மேசைக்குக் கீழே ஒரு மணைப்பலகை. பலகையில் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ். பழையதுதான். ஆனாலும் அன்றைக்குக் கடையிலிருந்து வாங்கி வந்தது போலப் பளபளத்தது. இரண்டின் மூக்கிலும் சந்தனப் பொட்டு.

எங்கள் கோச் பேரி சார் வாசலிலேயே நின்றுவிட்டார். வெயில் பட்டால் அவர் முகம் சிவக்கும். கோபம் வந்தால் வேறு மாதிரிச் சிவக்கும். அன்று இரண்டும் இல்லை. முகம் வெளுத்திருந்தது.

“என் பூட்ஸை யார் கழுவினார்கள்?” என்று என்னிடம் ஆங்கிலத்தில், மிக மெதுவாகக் கேட்டார்.

பெண்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அவர் சொல்வதைத் தமிழில் சொல்வதுதான் என் வேலை.

பூஜைக்குள் ஒரு பதில்

இந்த வாரம் எழுத உட்கார்ந்தபோது அந்தக் காட்சி முன்னால் வந்து நின்றதற்குக் காரணம், ஸ்டெல்லா அக்காவிடமிருந்து வந்த ஒரு போன்.

என் முதல் வேலையைப் பற்றியும் கம்பெனி பஸ்ஸைப் பற்றியும் இங்கே எழுதியபோது, ஸ்டெல்லா அக்காவைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தேன். அதை அவருக்கு யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

“இன்னா வாணி, பத்திரிகைல ஊருக் கதையெல்லாம் எழுதினு கீற. எனக்கு மட்டும் ஒரே ஒரு வரி. அதுலயும் வாயாடின்னு போட்டுகிற.”

“வாயாடின்னு போடலக்கா. கலகலப்பானவங்கன்னுதான் போட்டேன்.”

“அதான்மே இது.”

ஸ்டெல்லா அக்காவுக்கு ஊர் சேரப்பணஞ்சேரி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கார் சீட்டுக்கு உறை தைக்கும் லைனில் இருந்தார். இப்போது அதே லைனுக்கு லீடர். எங்கள் கம்பெனிப் பெண்கள் கால்பந்து அணிக்கு அன்றும் கேப்டன், இன்றும் கேப்டன்.

விஷயத்துக்கு வந்தார். “டீமுக்கு கோச் இல்ல வாணி. ஆம்பள கோச்சுன்னா ஹாஸ்டல் பொண்ணுங்க வூட்ல உடமாட்டேன்றாங்க. கோச் இல்லன்னா இந்த வருஷத்தோட டீமே கெடையாதுன்னு ஆபீஸ்ல சொல்ட்டாங்க. நீ வா. விஜயதசமி அன்னிக்குப் பிராக்டீஸ் ஆரம்பிக்கணும். ஆயுத பூஜைக்குள்ள பதில் சொல்லு.”

“நானாக்கா? நான் டிரான்ஸ்லேட்டருக்கா.”

“கடேசில ஆடினல்ல?”

யாழினி பிறந்தபின் நான் வேலையை விட்டுவிட்டேன். அவளுக்கு இப்போது நான்கு வயது. பனியோ தூசியோ கொஞ்சம் கூடினால் வீசிங் வந்துவிடும். பயிற்சி நடக்கும் வல்லம் வடகால் மைதானத்தின் ஓரத்தில்தான் கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போகும். அங்கே தூசிக்கு என்ன குறை? அவளை வீட்டில் விட்டுப் போனால் நான் மைதானத்தில் நிற்பேனா, போனைப் பார்த்துக்கொண்டு நிற்பேனா?

கணவரிடம் கேட்டேன். “உனக்கு இஷ்டம்னா போ வாணி” என்றார்.

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அன்றிரவு சரியாகத் தூங்காமல் அந்த ஒரு வாக்கியத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். எனக்கு இஷ்டம் என்றால், அவருக்கு இல்லையா? குழந்தைக்கு ஏதாவது ஆனால், ‘உன் இஷ்டம்தானே’ என்று ஆகிவிடுமா? அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை. நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

மேடத்தின் வீட்டுக்காரர்

பேரி சாரை எங்கள் கம்பெனி வேலைக்கு எடுக்கவில்லை. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவராக இங்கிலாந்திலிருந்து வந்தவர் ஜேன் மேடம். அவரோடு கூட வந்தவர் பேரி சார்.

லைனில் இருந்த பெண்களுக்கு இது பெரிய அதிசயம்.

“அவரு இன்னா வேல செய்றாரு வாணி?”

“மேடத்தோட வீட்டுக்காரர்க்கா.”

“அது தெரியுது. வேல?”

“வீட்டைப் பாத்துக்கிறார். சமையல் பண்றார். சப்பாத்தி கத்துக்கிட்டாராம்.”

ஸ்டெல்லா அக்கா மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எங்க வூட்டுக்காரர கொஞ்ச நாளு அவராண்ட டிரெய்னிங் அனுப்பலாமா, கேட்டுச் சொல்லு.”

கம்பெனிகளுக்கு இடையே பெண்களுக்குக் கால்பந்துப் போட்டி என்று அறிவித்தபோது, பயிற்சி கொடுக்க ஆள் தேடினார்கள். ஜேன் மேடம்தான், “என் கணவர் ஒரு காலத்தில் ஸ்டிரைக்கர், பிறகு கோச்” என்றார். நான் பென்னலூர்ப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்ததால் ஆங்கிலம் வரும். பயிற்சிப் பிரிவில் உதவியாளர். என்னை மொழிபெயர்க்கப் போட்டார்கள்.

மாலை ஐந்து மணி வெயிலில் மைதானத்தின் ஓரத்தில் அவரோடு நடப்பேன். பெண்கள் ஷிப்ட் முடிந்து வரும்வரை தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார்.

இங்கிலாந்தின் வடக்கே, மில்கள் மூடிப்போன ஒரு சிறிய ஊர். பதினாறு வயதில் உள்ளூர் கிளப்பில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறார். அந்தக் காலத்தில் பயிற்சிக்கு வந்தவர்கள் கையில் பந்தைவிட பூட்ஸ்தான் அதிகம் இருக்குமாம். மூத்த ஆட்டக்காரர்கள் கழற்றிப் போட்டதை எடுத்துச் சேற்றைச் சுரண்ட வேண்டும், கழுவ வேண்டும், பாலிஷ் போட வேண்டும். குளிரில் விரல் விறைத்துப் போகும். ஒரு பூட்ஸில் மண் ஒட்டியிருந்தாலும் திரும்ப முகத்துக்கு வரும்.

பிறகு ஸ்டிரைக்கர் ஆனார். பெரிய கிளப் இல்லை, டிவியில் காட்டாத லீக். ஒரு வருடம் கோலாக அடித்துத் தள்ளினார். சனிக்கிழமைகளில் ஊரே அவர் பெயரை வைத்துப் பாட்டுப் பாடியதாம். அடுத்த வருடம் கோலே விழவில்லை. அதே ஆட்கள், அதே மெட்டில், வேறு வார்த்தைகள் போட்டுப் பாடினார்களாம்.

“அந்த வார்த்தைகளை நீ மொழிபெயர்க்க வேண்டாம்” என்று சிரித்தார்.

முட்டி போனது. கடைசி ஆட்டம் கொட்டும் மழையில். கடைசி நேரத்தில் ஒரு கோல், சேற்றில் சறுக்கிக்கொண்டே போய் அடித்தது. அதோடு முடிந்தது. கோச் ஆனார். எந்த கிளப்பில் சேர்ந்தாலும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களாம். “அதனால் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு நான் எப்போதும் இருப்பேன்” என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் என் பக்கம் பார்க்க மாட்டார்.

மைதானத்தில் அவர் கத்தினால் மூச்சுவிடாமல் கத்துவார். நான் அதைத் தண்ணீர் கலந்து கொடுப்பேன். “இன்னும் கொஞ்சம் கவனமா ஆடணுமாம்.”

ஸ்டெல்லா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பார்: “அவரு அம்மாம் நேரம் பேசினாரு, நீ இத்துனூண்டு சொல்ற. மிச்சத்த வூட்டுக்கு எத்துனு போறியா?”

செருப்பா, ஆயுதமா?

எப்படியோ இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டோம். அது விஜயதசமி விடுமுறையன்று காலையில். முந்தைய நாள் ஆயுத பூஜை.

ஆயுத பூஜை அன்று தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும். வாசலில் வாழை மரம். ரோபோவின் கைக்குக் கூடச் சந்தனம். ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்துக்கு எலுமிச்சை. எண்ணெய் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் கலந்து ஒரு வாசனை வரும். எனக்கு இன்றும் அதுதான் சம்பள வேலையின் வாசனை.

எங்கள் அணிப் பெண்கள் பந்துகளைப் பூஜையில் வைக்க முடிவு செய்தார்கள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பூட்ஸில்தான் சண்டை வந்தது.

“செருப்பப் போயி சாமியாண்ட வெப்பாங்களா? புத்தி கீதா?”

“இது செருப்பு இல்லடி. நமக்கு ஆயுதம். வெல்டருக்கு அவன் வெல்டிங் கன்னு எப்டியோ அப்டி.”

“கால்ல போட்டா செருப்புதான்.”

“அப்ப பைக்க கூட கால்லதான் ஒதைக்கிறோம். அதுக்கு மால போடல?”

கடைசியில் ஸ்டெல்லா அக்கா தீர்ப்புச் சொன்னார். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பூஜை விஷயத்தில் அவர் வார்த்தைக்குத்தான் எல்லாரும் கட்டுப்பட்டார்கள். “எல்லாரோடதும் வேணாம். கோச்சோடது ஒண்ணு மட்டும். நல்லா கழுவணும். மேசை மேல வேணாம், கீழ பலகை போட்டு வைங்க. சாமியும் கோச்சிக்காது, சாரும் கோச்சிக்க மாட்டாரு.”

விளையாட்டுச் சாமான் அலமாரியில் பேரி சார் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பழைய பூட்ஸ் ஒன்றை வைத்திருந்தார். அவர் அதைப் போட்டு யாரும் பார்த்ததில்லை. அடியில் காய்ந்த சேறு அப்பிக் கிடந்தது. பாவம், கழுவ நேரமில்லை போல என்று நினைத்தார்கள். கேன்டீன் பின்பக்கக் குழாயடியில் சோப்புத் தூள் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, லேஸைத் தனியாக உருவித் துவைத்து, ஒரு துளி மண் இல்லாமல் எடுத்துவிட்டார்கள்.

“அதில் இருந்தது என்னுடைய கடைசி ஆட்டத்தின் சேறு” என்றார் பேரி சார். “அந்த மைதானம் இப்போது இல்லை. வீடு கட்டிவிட்டார்கள். மண் மட்டும்தான் இருந்தது.”

இதை எப்படி அப்படியே சொல்வது? தண்ணீர் கலக்கவும் வழியில்லை. சொல்லிவிட்டேன்.

பிரஷ்ஷால் தேய்த்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டெல்லா அக்கா, எப்போதும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறவர், “ஐயோ சார்” என்றார். அவ்வளவுதான் வந்தது.

பேரி சார் தரையில் குந்தினார். அந்த முட்டியோடு அவர் குந்துவதே கஷ்டம். பூட்ஸைத் தொடாமல் பார்த்தார். லேஸின் துளைகளைக் கூடச் சுத்தம் செய்திருந்தார்கள். என்னைப் பார்க்காமலே பேசினார்.

“நான் எத்தனையோ பேருடைய பூட்ஸைக் கழுவியிருக்கிறேன். என்னுடையதை யாரும் கழுவியதில்லை. பூ வைத்ததும் இல்லை. இதைச் சொல்லு அவர்களிடம்.”

சொன்னேன். பிரஷ் பிடித்த பெண் அழுதுவிட்டாள். ஸ்டெல்லா அக்கா அவள் முதுகில் ஒன்று வைத்தார். “அதான் சாரே சொல்ட்டாருல்ல. இன்னாத்துக்கு அழுவுற?” சொல்லிவிட்டுத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பந்தைத் தொடாதீங்க

பேரி சார் எழுந்து, “சரி, பயிற்சிக்குப் போகலாம்” என்று ஒரு பந்தை எடுக்கக் கை நீட்டினார்.

“சார்! நோ டச்!” மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாமல் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

பூஜையில் வைத்ததை அன்று எடுத்து உபயோகிக்கக் கூடாது. மறுநாள் காலையில் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு பந்தையாவது வெளியே வைத்திருக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பந்துக்கு மட்டும் பொட்டு வைக்காமல் விட்டால் அது பாவம் இல்லையா?

நாளைக்கு இறுதி ஆட்டம். கையில் பந்து இல்லை. பேரி சார் மேசையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

“நான் ஆடிய காலத்தில் ஒரு ஆட்டத்தில் பந்து என் காலில் இருந்த நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம் கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் பந்து இல்லாமல்தான் ஓடினேன். வாருங்கள், அந்த மீதியை ஆடுவோம்.”

பாதிப் பாதியாகப் பிரிந்து, இல்லாத பந்தை வைத்து ஆடினோம். ஒரு ஆள் குறைந்ததால் என்னையும் இறக்கினார். பந்து மேலே பட்டுவிடும் என்று ஒதுங்கியே நின்றவள் நான். பந்தே இல்லை என்றதும் பயமும் இல்லை. ஓடினேன்.

“கோலு!”

“இன்னா கோலு? போஸ்ட்ல பட்டு வெளிய பூட்ச்சு!”

“கண்ணு தெரியலயா? உள்ள கீது பாரு பந்து!”

பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்த செக்யூரிட்டிகள் வேலியோரம் நின்று, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

முடிவில் பேரி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நான் பேசி முடிப்பதற்குள் நீ மொழிபெயர்க்க ஆரம்பித்துவிடுவாய். அடுத்து என்ன வரும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது உனக்குத் தொல்லை, எனக்குத் தெரியும். நானும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வாந்தி எடுப்பேன். ஆனால் அடுத்து என்ன வரும் என்று பார்ப்பதுதான் ஸ்டிரைக்கருக்கு வேலை.”

மறுநாள் ஒரு பெண்ணுக்குக் கால் பிசகிவிட்டதால் இரண்டாம் பாதியில் நான் இறங்கினேன். பந்து என் காலில் படவே இல்லை. ஸ்டெல்லா அக்கா பந்தோடு வந்தபோது நான் இடது பக்கம் ஓடினேன். எனக்குத்தான் வரப்போகிறது என்று எதிரணியின் தடுப்பாளர்கள் என் பின்னால் வந்துவிட்டார்கள். நடுவே காலியாகக் கிடந்த வழியில் அக்கா கோல் அடித்தார். எல்லாரும் அக்காவைத் தூக்கினார்கள். பேரி சார் மட்டும், சந்தனம் காய்ந்த பூட்ஸ் போட்ட காலால் நொண்டிக்கொண்டே என்னிடம் ஓடி வந்து என் தலையில் கை வைத்தார்.

பிறகு எதிரணி அடித்த கோல்களால் நாங்கள் தோற்றுப்போனோம். அது வேறு கதை.

பேரி சாரும் மேடமும் ஊருக்குத் திரும்பி வருடங்கள் ஆகின்றன. அங்கே சார் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவரிடமிருந்து எனக்கும் ஸ்டெல்லா அக்காவுக்கும் ஒரு படம் வரும். அலமாரியில் அந்த பூட்ஸ். மூக்கில் மங்கிப்போன மஞ்சள் கறை. கீழே ஒரே வரி: “இன்னும் கழுவவில்லை.”

இந்த வருடம்

இந்த வருடப் படமும் வந்தது. பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். ஸ்டெல்லா அக்காவுக்கு அன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். ‘இல்லக்கா’ என்று அடித்து, அழித்து, மறுபடி அடித்து வைத்திருந்தேன். அனுப்பவில்லை.

வீட்டுப் பூஜையில் கணவரின் ஸ்பேனர் செட், பைக் சாவி, இதை எழுதும் லேப்டாப் எல்லாம் இருந்தன. யாழினி தன் ரப்பர் பந்தைக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே இன்ஹேலரையும்.

“அது மருந்து கண்ணு. அதை வைக்க வேண்டாம்.”

“அதுவும்தான் டெய்லி வேலை செய்யுது” என்றாள்.

அவளுக்காக அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, அவள் பார்க்காதபோது எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். சாமி இதைப் பொறுத்துக்கொள்ளும் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் பந்து வேண்டும் என்று அழுதாள். நாளைக்குத்தான் எடுக்கலாம் என்றேன். அழுகை கூடினால் இழுப்பு வரும். என்ன செய்வது என்று தெரியாமல், “பந்து இல்லாமலே ஆடலாம் வா” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

மொட்டை மாடியில் ஆடினோம். அவள் உதைத்தாள், நான் பாய்ந்து பிடித்தேன். “அம்மா, நீ பிடிக்கல, கோல்!” என்று சண்டை போட்டாள். மூச்சு வாங்கிய இடத்தில் தானாகவே நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். நான் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். வேகமாக அடித்தது. ஆனால் விசில் சத்தம் இல்லை.

அங்கிருந்தே போன் செய்தேன். “வரேன்க்கா. ஆனா யாழினியையும் கூட்டிட்டு வருவேன். அவளுக்கு முடியலன்னா பாதியில கிளம்பிடுவேன்.”

“கெளம்பு. உன்ன யாரு கட்டிப் போடப்போறா? மேடம் போன் பண்ணா பேரி சாரே சப்பாத்திக்கு மாவு பெசைய ஓடினவருதான?”

விஜயதசமி காலை. வல்லம் வடகால் மைதானம். ஹாஸ்டல் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பாதிப் பேர் தெற்கத்திப் பெண்கள்.

“பந்து எங்கக்கா? கொண்டு வரலையா?” என்றாள் ஒருத்தி.

ஸ்டெல்லா அக்கா கையில் பந்துப் பை இருந்தது. என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். சிரித்துக்கொண்டே பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“இன்னைக்குப் பந்து கிடையாது” என்றேன். “பாதிப் பாதியா பிரிஞ்சுக்கங்க.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் வெட்கப்பட்டார்கள். பிறகு ஓட ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா?

“கோலு!”

“எங்க கோலு? மேல போயிட்டுல்லா!”

யாழினி கோட்டருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, “அம்மா, பந்து ரோட்டுக்குப் போயிடுச்சு! நான் எடுத்துட்டு வரேன்” என்று ஓடினாள்.

“ரோட்டுக்குப் போகாதே!” என்று அலறிவிட்டேன். மைதானமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இல்லாத பந்துக்கு இப்படிக் கத்துகிற கோச்சை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். பையில் சந்தனம் வைத்த இன்ஹேலரை என் கை பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் வேலிக்கு உள்ளேயே குனிந்து எடுத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க என்னிடம் வந்து நீட்டினாள். நான் இன்ஹேலரைப் பையிலேயே விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மண் ஒட்டியிருக்கும். துடைக்காமல் அப்படியே நடுவில் வைத்துவிட்டு, விசில் ஊதினேன்.